வன்தட்டின் பிழை சோதனையும் மணப்பாட்டின் ‘வேணும்’ என்ற சொல்லும்

மணப்பாடு என்றதும் பலருக்கும் நினைவுக்கு வருவது கடலுக்குள் நீண்டு நிற்கும் மணற்குன்றும், அதன் மேல் இருக்கும் திருச்சிலுவை ஆலயமும், கலங்கரை விளக்கமும்தான். திருச்செந்தூருக்குத் தெற்கே சுமார் 18 கிலோமீட்டர் தொலைவில் இருக்கும் இந்த ஊரின் அழகைப் பற்றி நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். இந்தக் கட்டுரை அழகைப் பற்றியது அல்ல. பிழையைப் பற்றியது. இன்னும் சரியாகச் சொன்னால், பிழையைத் தேடிக் கண்டுபிடிப்பதைப் பற்றியது.

இன்று இந்தக் கரையில் பல வீடுகளில் ஒரு எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க் இருக்கிறது. தமிழில் வெளிப்புற வன்தட்டு என்கிறோம். கல்யாண வீடியோ, முதல் நற்கருணைப் படங்கள், செப்டம்பர் 14-ஆம் தேதி சிலுவைத் திருவிழா, கடலுக்குப் போய்த் திரும்பாத ஒருவரின் குரல் என்று எல்லாம் அந்தக் கறுப்புப் பெட்டிக்குள்தான். பெரும்பாலும் ஒரே ஒரு பெட்டிக்குள்!

ஒரு நாள் அது மெதுவாகிறது. யாரோ சொல்லி, பிழை சோதனை ஓட்டிப் பார்க்கிறோம். ‘பிழை எதுவும் இல்லை’ என்று வந்தால் நிம்மதியாகத் தூங்கப் போகிறோம். ஏதோ ஒரு எண் வந்தால் பதறிப் போகிறோம். இரண்டுமே தவறாக இருக்கலாம் என்பதுதான் நான் சொல்ல வருவது. ஏனென்றால் ‘சரியாக இருக்கிறதா?’ என்ற ஒரு கேள்விக்குள் மூன்று கேள்விகள் ஒளிந்திருக்கின்றன.

ஒன்று, எழுதியதைப் படிக்க முடிகிறதா? இரண்டு, படிப்பது அன்று எழுதியதேதானா? மூன்று, அன்று எழுதியதே சரிதானா?

இந்த மூன்றும் கணினியோடு பிறந்த கேள்விகள் அல்ல. முத்துக்குளித்துறைக்கு இவை பழைய அறிமுகம். மூன்றாவதிலிருந்து தொடங்குவோம்.

1544: எல்லாப் பிரதியிலும் ஒரே பிழை

பிரான்சிஸ் சவேரியார் 1542-இல் முத்துக்குளித்துறைக்கு வந்தார். மணப்பாட்டுக் குன்றில் உள்ள குகையில் அவர் தங்கினார் என்பது ஊர் மரபு. அவருக்குத் தமிழ் தெரியாது. எனவே இரு மொழியும் அறிந்தவர்களைக் கூட்டி வைத்து, செபங்களைத் தமிழில் பெயர்க்கச் செய்து, தாமே மனப்பாடம் செய்துகொண்டார். மணியடித்துக்கொண்டு தெருத்தெருவாகப் போய்ச் சிறுவர்களைச் சேர்த்து, வரி வரியாகச் சொல்லிக் கொடுத்தார். அவர்கள் வீட்டில் போய்ப் பெற்றோருக்கும் அண்டை அயலாருக்கும் சொல்ல வேண்டும். ஊரை விட்டுக் கிளம்பும்போது செபங்களின் பிரதி ஒன்றை விட்டுவிட்டு, எழுதத் தெரிந்தவர்கள் அதைப் பார்த்து எழுதிக்கொள்ள வேண்டும் என்று ஏற்பாடு செய்வார். இவற்றையெல்லாம் 1544 ஜனவரியில் கொச்சியிலிருந்து எழுதிய கடிதத்தில் அவரே விவரிக்கிறார்.

அருமையான பேக்கப் ஏற்பாடு இல்லையா? ஊருக்கு ஒரு பிரதி, அதிலிருந்து வீட்டுக்கு ஒரு பிரதி, அதற்கு மேல் ஒவ்வொருவர் நாவிலும் ஒரு பிரதி.

ஆனால் அதே 1544-இல், இக்கரையில் தம்மோடு பணியாற்றிய பிரான்சிஸ்கோ மான்சிலாஸுக்கு அவர் ஒரு திருத்தம் எழுதி அனுப்புகிறார். (அந்த ஆண்டு மான்சிலாஸுக்கு அவர் எழுதிய கடிதங்களில் பல மணப்பாட்டிலிருந்தே போனவை.) விசுவாசப் பிரமாணத்தில் ‘வேணும்’ என்று வரும் இடத்தில் ‘விசுவாசம்’ என்ற பொருள் தரும் சொல்லைப் போடுங்கள் என்பதே திருத்தத்தின் சாரம். அதாவது ‘நம்புகிறேன்’ என்று சொல்ல வேண்டிய இடத்தில் மக்கள் ‘எனக்கு வேண்டும்’ என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள்!

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. படியெடுத்தவர் யாரும் தவறு செய்யவில்லை. மூலத்தில் ‘வேணும்’, பிரதியிலும் ‘வேணும்’. நூறு பிரதியை ஒப்பிட்டாலும் நூறும் ஒத்துப்போகும். ஒப்பிட்டுப் பார்க்கும் எந்தச் சோதனையும் இந்தப் பிழையைக் காட்டாது. பொருள் தெரிந்த ஒருவர் படித்துப் பார்த்தால்தான் தெரியும்.

வன்தட்டிலும் இதே கதைதான். தேதி தவறாக இட்ட புகைப்படம், பாதியில் நின்றுபோன வீடியோ, வெறுமையாகப் பதிவான ஒலிக்கோப்பு ஆகியவற்றை எந்தப் பிழை சோதனையும் கண்டுபிடிக்காது. வன்தட்டைப் பொறுத்தவரை அவை மிகச் சரியாக இருக்கின்றன. கொடுத்ததை அப்படியே திருப்பிக் கொடுக்கிறது. அவ்வளவுதான் அதன் வேலை. கோப்பைத் திறந்து பார்ப்பது நம் வேலை.

ஏடு தன்னைத் தானே சோதித்துக்கொண்ட விதம்

இப்போது இரண்டாவது கேள்விக்கு வருவோம். படிப்பது அன்று எழுதியதேதானா?

திருச்செந்தூர் வட்டாரம் பனைகளுக்குப் பேர்போனது. பனையோலையில்தான் நம் முன்னோர் எழுதினார்கள். ஓலை கிழிந்துவிடும் என்பதால் மெய்யெழுத்துக்குப் புள்ளி வைப்பதில்லை. எகர ஒகரங்களில் குறிலும் நெடிலும் ஒன்றுபோலவே இருக்கும். காலும் ரகரமும் ஒரே மாதிரி. இவ்வளவு குழப்பத்தோடு நூல்கள் எப்படிப் பிழைத்தன?

விடை யாப்பில் இருக்கிறது. எதுகை என்பது அடிதோறும் இரண்டாம் எழுத்து ஒத்து வருவது. படியெடுப்பவர் ஒரு அடியின் முதற்சீரைத் தவறாக எழுதினால் எதுகை இடிக்கும். ஒரு சீர் விட்டுப்போனால் தளை தட்டும். அந்தாதி என்றால் ஒரு பாட்டின் முடிவு அடுத்த பாட்டின் தொடக்கம். நடுவில் ஒரு ஏடு காணாமல் போனால் சங்கிலி அறுந்தது உடனே தெரிந்துவிடும். ‘நானூறு’, ‘ஐந்நூறு’, ‘பத்துப்பத்து’ என்று நூலின் பெயரிலேயே எண்ணிக்கை இருந்தால், எத்தனை குறைகிறது என்பதையும் சொல்லிவிடலாம்.

இவை அழகுக்காக வந்தவைதாம். ஆனால் அழகோடு காவலும் சேர்ந்து கிடைத்தது.

உ.வே.சாமிநாதையர் ஏடு தேடிப் போன ஊர்களில் இதே மாவட்டத்தின் ஆழ்வார்திருநகரியும் ஒன்று. அவர் 1894-இல் பதிப்பித்த புறநானூற்றை எடுத்துப் பாருங்கள். 267, 268 ஆகிய இரண்டு பாடல்கள் இல்லை. பதிற்றுப்பத்தில் முதல் பத்தும் பத்தாம் பத்தும் முழுமையாகக் கிடைக்கவில்லை. எது போயிற்று, எத்தனை போயிற்று, எந்த இடத்தில் போயிற்று என்பது நமக்குத் துல்லியமாகத் தெரியும். ஆனால் அந்த இரண்டு பாடல்களில் என்ன இருந்தது? தெரியாது.

பிழையைக் கண்டுபிடிப்பது ஒன்று. இழந்ததை மீட்பது வேறொன்று. இந்த வேறுபாட்டை மனதில் வைத்துக்கொண்டால் வன்தட்டின் அறிக்கை பாதி புரிந்துவிடும்.

இயந்திரம் கற்றுக்கொண்ட எதுகை

கணினியும் இதே வழியைத்தான் பிடித்தது. எழுத வேண்டியதோடு கொஞ்சம் கூடுதலாக எழுதி வைப்பது, பிறகு அந்தக் கூடுதலை வைத்துச் சரிபார்ப்பது. மிக எளிய முறை ‘பாரிட்டி’. ஏழு பிட்டுகளோடு எட்டாவதாக ஒன்றைச் சேர்த்து, ஒன்றுகளின் எண்ணிக்கை எப்போதும் இரட்டைப்படையாக இருக்கும்படி செய்வது. படிக்கும்போது ஒற்றைப்படை வந்தால் எங்கோ எதுகை இடிக்கிறது என்று பொருள்.

ஆனால் எங்கே இடிக்கிறது? அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் பணியாற்றிய ரிச்சர்ட் ஹாமிங்குக்கு இதுதான் எரிச்சல். வார இறுதியில் அவர் ஓட விட்டுப் போகும் கணக்குகளை இயந்திரம் பிழை கண்டதும் பாதியில் கைவிட்டுவிடும். பிழை இருக்கிறது என்று தெரிந்துகொள்ளும் இயந்திரம் அது எங்கே என்றும் கண்டுபிடித்துத் திருத்தக் கூடாதா என்று யோசித்தார். அதன் விளைவுதான் 1950-இல் வெளியான ஹாமிங் குறியீடு. 1960-இல் ரீட், சாலமன் ஆகிய இருவரின் குறியீடும், 1961-இல் பீட்டர்சன் விளக்கிய சி.ஆர்.சி. முறையும் தொடர்ந்து வந்தன.

இதற்கு நடுவில் 1956-இல் ஐ.பி.எம். நிறுவனம் ராமாக் என்ற முதல் வன்தட்டுக் கணினியை வெளியிட்டிருந்தது. 24 அங்குல விட்டமுள்ள ஐம்பது தட்டுகள். கொள்ளளவு 50 லட்சம் எழுத்துகள். இன்று கைபேசியில் எடுக்கும் ஒரு புகைப்படம் அதில் அடங்குவதே கஷ்டம்.

இன்றைய வன்தட்டு தன் பரப்பை ‘செக்டர்’ என்னும் சிறு துண்டுகளாகப் பிரித்து வைத்திருக்கிறது. முன்பு ஒரு செக்டர் 512 பைட். 2010-ஐ ஒட்டி 4096 பைட் செக்டர்கள் பரவலாயின. ஒவ்வொரு செக்டரோடும் திருத்தக் குறியீடு எழுதப்படுகிறது. காந்தப் பரப்பிலிருந்து வரும் சமிக்ஞையில் சின்னச் சின்னப் பிழைகள் வந்துகொண்டேதான் இருக்கும். வன்தட்டு அவற்றைத் தானே திருத்திக்கொள்கிறது. நமக்குத் தெரிவதே இல்லை. திருத்த முடியாத அளவுக்குப் பிழை மிஞ்சும்போதுதான் ‘இந்த இடத்தைப் படிக்க முடியவில்லை’ என்று கையை விரிக்கிறது. நமது முதல் கேள்வி இங்கேதான் எழுகிறது.

சோதனை என்றால் எந்தச் சோதனை?

விண்டோஸில் வன்தட்டின் மேல் வலது சொடுக்கி, ‘ப்ராப்பர்ட்டீஸ்’, ‘டூல்ஸ்’ என்று போனால் வரும் பிழை சோதனைக்குப் பின்னால் இருப்பது ‘செக் டிஸ்க்’. டாஸ் காலத்திலிருந்து வரும் பழைய நிரல் இது. 1993-இல் டாஸ் 6.2-உடன் ‘ஸ்கேன்டிஸ்க்’ வந்தது. விண்டோஸ் 98-இல் மின்சாரம் போய் வந்தால் தானாக ஓடுமே, நீல நிறத் திரையில், அதேதான். அந்தக் காலத்துக் கணினி மையங்களில் உட்கார்ந்தவர்களுக்கு மறக்காது.

இது சாதாரணமாகச் சோதிப்பது கோப்பு முறைமையைத்தான். நூலகத்தோடு ஒப்பிட்டால், அட்டவணைக்கும் அலமாரிக்கும் பொருந்துகிறதா என்று பார்ப்பது. அட்டவணையில் பெயர் இல்லாத தாள்கள் கிடந்தால் அவற்றைக் கட்டி ஒரு மூலையில் வைக்கும். புத்தகத்தின் ஒவ்வொரு பக்கத்தையும் புரட்டிப் பார்க்காது. ‘பிழை இல்லை’ என்று வந்தால் அட்டவணை சரியாக இருக்கிறது என்றுதான் பொருள்.

‘ஆர்’ என்ற விருப்பத்தோடு ஓட்டினால் பக்கங்களையும் புரட்டும். படிக்க முடியாத இடம் ஒரு கோப்புக்குள் இருந்தால், அதன் பெயரைச் சொல்லி, கெட்ட பகுதியை மாற்றிவிட்டதாக அறிவிக்கும். இந்த இடத்தில் ஏமாந்துவிடக் கூடாது. மாற்றியது இடத்தை, அதில் இருந்த தரவை அல்ல. கோப்பு மறுபடி திறக்கும், நடுவில் ஒரு ஓட்டையோடு. புறநானூற்றில் 267 என்ற எண் இருக்கிறது, பாட்டு இல்லை என்பது போல.

இதைத் தவிர வன்தட்டுக்கு உள்ளேயே ஒரு சோதனை உண்டு. அதில் குறுஞ்சோதனை, நெடுஞ்சோதனை என்று இரண்டு வகை. இதற்கு இந்தக் கடலிலேயே ஒரு பழைய உதாரணம் இருக்கிறது.

முத்துச்சிப்பி விளையும் கடலடிப் பாறைப் பரப்பைப் ‘பார்’ என்பார்கள். தூத்துக்குடிக்கு எதிரே உள்ள தொலையிரம் பார் பேர்போனது. முத்துக்குளிப்பு அரசின் உரிமையாக இருந்தபோது, குளிப்பு நடத்துவதா வேண்டாமா என்று முடிவு செய்யும் முன் பாரைச் சோதிப்பார்கள். குளியாட்கள் இறங்கிச் சிப்பி உண்டா, எவ்வளவு அடர்த்தி, என்ன வயது என்று பார்த்து வருவார்கள். மாதிரிக்குச் சில ஆயிரம் சிப்பிகளை எடுத்து, அழுக வைத்துக் கழுவி, கிடைத்த முத்துகளை மதிப்பிட்டு, ஆயிரம் சிப்பிக்கு இவ்வளவு பெறும் என்று கணக்கிடுவார்கள். எல்லாச் சிப்பியையும் திறந்து பார்த்தால் பிறகு குளிப்பதற்கு என்ன இருக்கிறது!

குறுஞ்சோதனை இப்படித்தான். மோட்டார், தலைப்பகுதி, மின்சுற்று இவற்றைப் பார்த்து, பரப்பில் ஒரு சிறு பகுதியை மட்டும் படித்து, இரண்டே நிமிடத்தில் முடித்துவிடும். நெடுஞ்சோதனை முதல் செக்டர் முதல் கடைசி செக்டர் வரை படிக்கும். பெரிய தட்டு என்றால் பல மணி நேரம். சிப்பியைப் போல அல்லாமல் வன்தட்டை முழுவதும் படித்தாலும் உள்ளே இருப்பது கெடாது. ஆகவே நல்ல நிலையில் உள்ள தட்டுக்கு நெடுஞ்சோதனையே மேல்.

எண்களைப் படிப்பது எப்படி?

வன்தட்டு தன் உடல்நிலையைத் தானே குறித்து வைக்கும் ஏட்டுக்கு ‘ஸ்மார்ட்’ என்று பெயர். 1992-இல் ஐ.பி.எம். தொடங்கி வைத்த யோசனை, 1995-ஐ ஒட்டி காம்பாக் நிறுவனமும் வன்தட்டுத் தயாரிப்பாளர்களும் சேர்ந்து பொதுத் தரமாக்கியது. கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ, ஸ்மார்ட்மான்டூல்ஸ் போன்ற இலவச மென்பொருள்கள் இந்த ஏட்டைக் காட்டும். சில எக்ஸ்டர்னல் பெட்டிகளில் உள்ள யு.எஸ்.பி. இணைப்புச் சுற்று இதை வெளியே விடாது. அப்போது ஒன்றும் தெரியவில்லை என்றால் தட்டு நன்றாக இருக்கிறது என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

பட்டியலில் ஒவ்வொரு வரிக்கும் இரண்டு வகை எண் இருக்கும். ஒன்று மதிப்பெண் போன்றது. பெரும்பாலும் 100 அல்லது 200-இல் தொடங்கிக் குறையும். வரம்புக்குக் கீழே போனால் தட்டு தோற்றதாகக் கணக்கு. மற்றது ‘ரா வேல்யூ’ என்னும் மூல எண். நாம் பார்க்க வேண்டியவை சில வரிகளின் மூல எண்களைத்தான்:

5 - இடம் மாற்றப்பட்ட செக்டர்கள். கெட்ட இடத்துக்குப் பதிலாக உபரி இடம் எத்தனை முறை கொடுக்கப்பட்டது என்பது.

197 - நிலுவையில் உள்ள செக்டர்கள். படிக்க முடியாமல், என்ன செய்வது என்று முடிவாகாமல் நிற்பவை. சில மென்பொருள்கள் இதையே பதினாறடிமான முறையில் ‘சி5’ என்று காட்டும்.

198 - வன்தட்டு தானே தேடிப் பார்த்தபோதும் படிக்க முடியாதவை.

199 - தரவு போகும் பாதையில் வந்த பிழைகள். தட்டின் பரப்புக்கும் இதற்கும் சம்பந்தம் குறைவு. பெட்டிக்குள் இருக்கும் இணைப்பைச் சந்தேகிக்க வேண்டும். கடற்கரை ஊர்களில் உப்புக்காற்று உலோக முனைகளை அரிக்கும் என்பதை நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

9 - ஓடிய மணி நேரம். 194 - வெப்பநிலை.

முதல் வரியில் ‘படிப்புப் பிழை விகிதம்’ என்று கோடிக்கணக்கில் ஒரு எண் வந்து பலரைப் பயமுறுத்தும். சில தயாரிப்பாளர்கள் அந்த இடத்தில் மொத்தம் எத்தனை முறை படித்தது என்பதையும் சேர்த்தே பதிகிறார்கள். அந்த எண் பெரிதாக இருப்பதால் மட்டும் பயப்பட வேண்டாம்.

ஒரு உதாரணம் பார்ப்போம். ஐந்தாவது வரி 0. 197-இல் 24. 198-இல் 24. 199-இல் 0. இதற்கு என்ன பொருள்? இணைப்பில் கோளாறு பதிவாகவில்லை. இதுவரை எந்த இடமும் மாற்றப்படவில்லை. ஆனால் 24 இடங்களைப் படிக்க முடியவில்லை. 4096 பைட் செக்டர் உள்ள பல தட்டுகள் வெளியே 512 பைட் கணக்கில்தான் எண்ணும். ஒரு உண்மையான செக்டருக்கு எட்டு. ஆகவே 24 என்பது மூன்றே மூன்று இடங்களாக இருக்கலாம். மொத்தம் 12 கிலோபைட். சின்ன விஷயம்தானே? அந்த மூன்றில் ஒன்று ஒரு புகைப்படத்தின் நடுவில் விழுந்தால், அதற்குக் கீழே படம் சாம்பல் நிறமாகப் போகலாம். கோப்பு அட்டவணை மேல் விழுந்தால் ஒரு அடைவே காணாமல் போகலாம்.

ஐந்தாவது வரியில் 0 இருக்கிறதே என்று ஆறுதல் அடைவதும் தவறு. நிலுவையில் உள்ள இடத்தின் மேல் புதிதாக எழுதும்போதுதான் வன்தட்டு முடிவெடுக்கும். எழுத முடிந்தால் நிலுவை எண் குறையும். முடியாவிட்டால் வேறு இடம் தரும். இரண்டிலும் நிலுவை எண் பூஜ்யமாகிவிடும். பழைய தரவு திரும்பி வந்ததாகப் பொருள் அல்ல. அதன் மேல் வேறொன்று எழுதப்பட்டுவிட்டது, அவ்வளவுதான்.

நன்றாக இருக்கிறது என்றால்?

இந்த எண்களை எவ்வளவு நம்பலாம்? 2007-இல் கூகுள் ஆய்வாளர்கள் மூவர், தங்கள் நிறுவனத்தில் ஓடிய ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வன்தட்டுகளைக் கவனித்து ஒரு ஆய்வை வெளியிட்டார்கள். பரப்புச் சோதனையில் முதல் பிழை வந்த ஒரு தட்டு, பிழை வராத தட்டைவிட, அடுத்த 60 நாட்களில் செயலிழக்கும் வாய்ப்பு 39 மடங்கு. ஆகவே முதல் பிழையே எச்சரிக்கை மணி.

ஆனால் அதே ஆய்வு இன்னொன்றையும் சொன்னது. செயலிழந்த தட்டுகளில் 56 விழுக்காட்டுக்கும் மேலானவை, முக்கியமான நான்கு அறிகுறிகளில் ஒன்றைக்கூடக் காட்டாமலே போய்விட்டன!

முத்துப் பார்களைச் சோதித்தவர்களுக்கு இது புதிதாக இருந்திருக்காது. ஒரு ஆண்டு இளஞ்சிப்பிகள் நிறைந்திருந்த பார், குளிப்புக்கு நாள் பார்க்கும் நேரத்தில் வெறுமையாகக் கிடந்ததுண்டு. சோதனை அன்றைய நிலையைத்தான் சொல்லும். தூத்துக்குடியில் கடைசியாக முத்துக்குளிப்பு நடந்தது 1961-இல். அதன் பிறகு பார்கள் பழையபடி விளையவில்லை.

ஆகவே கெட்ட முடிவு வந்தால் அதை நம்ப வேண்டும். நல்ல முடிவு வந்தால் அதற்காக நன்றி சொல்லிவிட்டு, அதன் மேல் எதையும் கட்டாமல் இருக்க வேண்டும்.

கெட்ட முடிவு வந்துவிட்டால் வரிசை முக்கியம். முதலில் பிரதி, பிறகுதான் சோதனையும் திருத்தமும். 197 ஏறத் தொடங்கிய தட்டில் ‘செக் டிஸ்க்’கைத் திருத்தச் சொல்லி ஓட விடுவது, நொடிந்துபோன ஏட்டை வேகமாகப் புரட்டுவது போல. அது அட்டவணையை மாற்றி எழுதும். தட்டையும் மணிக்கணக்கில் வருத்தும். ஈடு செய்ய முடியாத கோப்புகளை முதலில் வேறு தட்டுக்கு எடுத்துவிட வேண்டும். முழுத் தட்டையும் எடுப்பதற்கு ‘டிடிரெஸ்க்யூ’ என்ற இலவச மென்பொருள் உண்டு. நல்ல இடங்களை முதலில் எடுத்துக்கொண்டு, கெட்ட இடங்களுக்குக் கடைசியில் திரும்பி வரும். தட்டு ‘டக் டக்’ என்று சத்தம் போட்டால் எதையும் செய்யாமல் அணைத்துவிட்டு, தரவு மீட்பவர்களிடம் கொடுப்பதே நல்லது.

ரோமிலிருந்து திரும்பி வந்த பிரதி

‘வேணும்’ திருத்தப்பட்டதோடு கதை முடியவில்லை. 1546-இல் இந்தியா வந்த அன்றீக்கே அன்றீக்கஸ் அடிகளார், 1600-இல் இறக்கும்வரை தம் வாழ்வின் பெரும்பகுதியை முத்துக்குளித்துறையில் கழித்தார். அவர் தமிழை முறையாகக் கற்றார். 1578-இல் கொல்லத்தில் அச்சான அவருடைய ‘தம்பிரான் வணக்கம்’, தமிழ் எழுத்தில் அச்சாகி நமக்குக் கிடைத்திருக்கும் முதல் நூல். பதினாறே பக்கம். அதற்குப் பணம் தந்தவர்கள் இந்தக் கரையின் பரதவர்கள். அடுத்த ஆண்டு ‘கிரிசித்தியானி வணக்கம்’. 1586-இல் அறுநூறு பக்கங்களைத் தாண்டும் ‘அடியார் வரலாறு’.

இவற்றின் பிரதிகள் எங்கே கிடைத்தன? ‘தம்பிரான் வணக்கம்’ அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில். ‘அடியார் வரலாறு’ ரோமில், வத்திக்கான் நூலகத்தில். பணம் கொடுத்து அச்சிட்ட கரையில் ஈரமும் கரையானும் காலமும் தின்றது போக, தொலைதூரத்துக்குப் போன பிரதி பிழைத்தது.

1950-களில் ஐரோப்பிய நூலகங்களில் தேடி இந்தப் பழைய அச்சு நூல்களைத் தமிழுலகின் கவனத்துக்குக் கொண்டு வந்தவர்களில் தனிநாயகம் அடிகள் முக்கியமானவர். 1967-இல் இராசமாணிக்கம் அடிகளார் பதிப்பாக ‘அடியார் வரலாறு’ தூத்துக்குடியிலிருந்து மறுபடி வெளிவந்தது. 381 ஆண்டு கழித்து ஒரு ‘ரீஸ்டோர்’!

இதற்கு நேர் எதிரான ஒன்று கடலுக்கு அக்கரையில், யாழ்ப்பாணத்தில் நடந்தது. 1981 மே மாத இறுதியில் யாழ் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது அழிந்த நூல்களும் ஏடுகளும் சுமார் 97,000. அவற்றில் வேறெங்கும் பிரதி இல்லாதவையும் இருந்தன. அந்த ஏடுகளின் எழுத்தில் ஒரு பிழையும் இல்லாமல் இருந்திருக்கலாம். அன்றிரவு அது உதவவில்லை. 2005-இல் ஈழத்தமிழர் தொடங்கிய நூலகம் என்ற மின்னூலகம் இன்று ஈழத்து நூல்களையும் இதழ்களையும் மின்வடிவாக்கிச் சேர்த்து வருகிறது.

புகைப்படக்காரர்களிடையே புழங்கும் ‘3-2-1’ விதி இதைத்தான் சொல்கிறது. மூன்று பிரதிகள், இரண்டு வகைச் சாதனங்களில், அதில் ஒன்று வெளியூரில். அமெரிக்கப் புகைப்படக் கலைஞர் பீட்டர் குரோக் இந்த எண்களைப் பிரபலமாக்கினார். ஆனால் விதியின் உள்ளடக்கத்தை முத்துக்குளித்துறை நானூறு ஆண்டுகளுக்கு முன்பே, தெரிந்தோ தெரியாமலோ செய்து காட்டியிருக்கிறது.

பிரதி எடுத்தால் போதுமா? பிரதிகள் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகின்றனவா என்று பார்ப்பதற்கு ‘ஹேஷ்’ என்ற முறை உண்டு. ஒரு கோப்பு எவ்வளவு பெரிதானாலும் அதிலிருந்து ஒரு சிறு கைரேகையைக் கணக்கிட்டு எடுத்துவிடலாம். கோப்பில் ஒரு பிட் மாறினாலும் ரேகை முற்றிலும் மாறிவிடும். இன்று ரேகைகளைப் பட்டியலிட்டு வைத்துக்கொண்டால், ஆண்டுக்கு ஒரு முறை மறுபடி கணக்கிட்டு ஒப்பிடலாம். நம் இரண்டாவது கேள்விக்கு இதைவிட நல்ல விடை இல்லை. ரேகை மாறியிருந்தால், மாறாத பிரதியிலிருந்து எடுத்துக்கொள்ளலாம். உ.வே.சா. பல ஏடுகளைப் பக்கத்தில் வைத்துப் பாடம் பார்த்ததன் இயந்திர வடிவம் இது.

முடிவாக...

மூன்று கேள்விகளுக்கும் மூன்று ஆட்கள் வேண்டும். படிக்க முடிகிறதா என்பதை வன்தட்டின் சோதனை சொல்லும். எழுதியதேதானா என்பதை ஹேஷ் சொல்லும். எழுதியதே சரிதானா என்பதை மனிதர்தான் சொல்ல வேண்டும். 1544-இல் ஒருவர் கடிதம் எழுதிச் சொன்னது போல. இந்த மூவரில் யாராலும் இல்லாமல் போனதைத் திருப்பித் தர முடியாது. அதை இன்னொரு ஊரில் இருக்கும் இன்னொரு பிரதிதான் தரும்.

இந்தக் கரையின் வீடுகளில் இருக்கும் படங்களும் குரல்களும் எந்த நூலகத்திலும் இல்லை. வத்திக்கானிலோ ஹார்வர்டிலோ யாரும் அவற்றுக்குப் பிரதி வைத்திருக்கப் போவதில்லை. எனவே நண்பர்களே, இந்த வாரம் உங்கள் தட்டை ஒரு முறை நெடுஞ்சோதனை செய்து பாருங்கள். ஏற்கெனவே மெதுவாகிவிட்ட தட்டு என்றால் முதலில் பிரதி எடுங்கள். முடிவு எப்படி வந்தாலும், வெளியூரில் இருக்கும் அக்கா வீட்டுக்கோ சித்தப்பா வீட்டுக்கோ ஒரு பிரதியைக் கொடுத்து அனுப்புங்கள்.